பியானோ கறுக்கும் வரை

கொல்லிமலையில் அந்த வருஷத்து உழவுமழை இறங்கியபோது, உழவேண்டிய இரண்டு மாடுகள் ஒரு காப்பித் தோட்டத்துப் பட்டியில் கட்டிக் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர் மலைமேல் தூக்கிவந்த பியானோவில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. கீறல் மறைந்து பியானோ பழையபடி கறுப்பாக மின்னும்வரை மாடுகள் பட்டியிலேயே நிற்கவேண்டும் என்று தோட்டத்துரை சொல்லிவிட்டார். கறுப்பாக்கப் போனவன் நான். நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இதை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் ஊரில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. சென்னப்பட்டணத்தில் பியானோ விற்கிற ஒரு கடையின் பின்பட்டறையில் மட்டும் இரண்டு வருஷம் நின்றேன். சீமையிலிருந்து வரும் பியானோக்கள் கப்பலில் உப்புக்காற்று பட்டு மேனி கெட்டு வரும். அவற்றைச் சுரண்டி மறுபடி கறுப்பேற்றுவது எங்கள் வேலை. கறுப்பேற்றக் கற்றுக்கொண்டேன், மேஸ்திரியிடம் அறையும் வாங்கினேன், ஒருநாள் திருப்பி அறைந்துவிட்டுக் கிளம்பினேன். அப்புறம் சேலத்தில் நாற்காலி மேஜைகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், கொல்லிமலைத் துரைக்குப் பியானோ கறுப்பு தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மலை பார்த்ததில்லை, போனேன். அவ்வளவுதான் காரணம்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கினால் அடிவாரம்வரை நடந்து, அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறவேண்டும். என்னிடம் இரண்டு டின் ஸ்பிரிட், ஒரு மூட்டை அவலரக்கு என்கிற தட்டை அரக்கு, சாயப்பொடி, நுரைக்கல் பொடி எல்லாம் இருந்தன. சுமக்கத் தோட்டத்திலிருந்து ஓர் ஆளை அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். ஒடிசலான மனிதர். இடதுகால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. மலைமேல் குண்டனி நாட்டுக் குடியானவர். எல்லோரும் கவுண்டர் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை ஆசாரி என்றார். நான் ஆசாரி இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

பாதி ஏற்றத்தில் ஒரு திருப்பம். பாதையை இடித்துக்கொண்டு ஒரு பாறை நின்றது. கவுண்டர் டின்களை இறக்கிவைத்தார்.

"இதா, இந்தப் பாறைதானுங்க."

பாறையின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நல்ல பாலிஷ். சீமைக் கை.

"மூங்கில் கட்டிப் பதினாறு பேரு தூக்கினோமுங்க. முன் மூலை எம்பட தோளுல. கவுறு நழுவி மொதல்ல பொட்டி பாறையில இடிச்சுது, அப்பறம் எம்பட கால்ல எறங்குச்சு. அது வரைக்கும் கம்முனு வந்த பொட்டிங்க, இடிச்சதும் உள்ளுக்குள்ள இருந்து ஒரு சத்தம் போட்டுது பாருங்க. பின்னால புடிச்சவன் பேயின்னு உட்டுட்டு ஓடப் பாத்தான். அவன் ஓடியிருந்தா பொட்டி அடிவாரத்துக்கே போயிருக்குமுங்க."

"விரல் நசுங்கியதைத் துரை பார்க்கவில்லையா?"

"பாத்தாருங்க. பொட்டியப் பாத்ததுக்கு அப்பறம் பாத்தாரு."

அடுத்த நாளே ரைட்டர் வந்து இவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனானாம். ரைட்டர் என்பது தோட்டத்து ஆளுகளை மேய்க்கிற உத்தியோகம். ஆள் அடிவாரத்துக்காரன், நல்ல குடியானவர் வீட்டுப் பிள்ளை. மாட்டை எதற்குப் பிடிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. உழவு நாளுக்குள் வேலை முடியவேண்டும் என்ற பயம் கவுண்டருக்கு இருந்தால், அடுத்த தடவை சாமான் தூக்கும்போது மற்றவர்களுக்கும் இருக்கும். அதுதான் கணக்கு.

"சாமை வெதைக்கோணுமுங்க," என்றார் கவுண்டர், டின்களை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு. "மொத மழ உழுந்து மூணு நாலு நாளு ஈரம் நிக்கும். அதுக்குள்ள கறுத்துருங்களா?"

"எப்போது மழை?"

"வைகாசி கடைசியிலங்க."

இருபத்தைந்து நாள் இருந்தது. முடியும் என்று சொன்னேன். வேலை தெரிந்தவன் என்ற திமிரில் சொன்னேன்.

பியானோ பங்களாவின் பெரிய கூடத்தில், வாசலுக்கு எதிரே நின்றது. நிமிர்ந்து நிற்கிற வகை. கீறல் இடதுபக்கப் பலகையில், மேலிருந்து கீழாக, இரண்டு இடத்தில் மரம் தெரியும் ஆழத்துக்கு விழுந்திருந்தது. உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். கீறின இடத்தை மட்டும் சரிசெய்துவிட்டுப் போகலாமே என்று ரைட்டர் கேட்டான். முடியாது. கறுப்பு பியானோவில் ஒட்டுப்போட்டால் வெளிச்சம் அங்கே உடையும். ஒரு பக்கம் கெட்டால் அந்தப் பக்கம் முழுக்க உரித்து முதலிலிருந்து வரவேண்டும்.

எப்படி வரவேண்டும் என்றும் சொல்கிறேன். இந்தப் பளபளப்பை விலைகொடுத்து வாங்கி வைத்திருப்பவர்களுக்கு அது தெரியாது. பழைய பாலிஷை ஸ்பிரிட் தொட்டுத் தகட்டால் சுரண்டவேண்டும். மரத்துக்கு உப்புக்காகிதம் போடவேண்டும், நார்ப்போக்கில் மட்டும். பள்ளத்தில் கரி கலந்த அரக்கை உருக்கி ஊற்றி, ஆறியதும் சமம் பண்ணவேண்டும். அப்புறம் மரத்தையே கறுப்பாக்கவேண்டும். பட்டறையில் அதற்குச் சீமைச் சாயம் உண்டு. இங்கே நான் கடுக்காயைத்தான் நம்பினேன். மலையில் கடுக்காய்க்குப் பஞ்சமில்லை, கவுண்டரே ஒரு கூடை பொறுக்கிவந்து கொடுத்தார். அதை இடித்துக் காய்ச்சிய கஷாயத்தை மரத்துக்கு மூன்று தடவை கொடுத்துக் காயவிட்டேன். துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த கஞ்சியில் எட்டு நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை அதன்மேல் பூசினேன். பூசின மாத்திரத்தில், பார்க்கப் பார்க்க, மரம் கறுத்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த கவுண்டர் சிரித்துவிட்டார்.

"கறுத்துப் போச்சுங்க! மாட்ட அவுத்துக்கலாமுங்களா?"

"இது அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. துரைக்கு முகம் தெரியவேண்டும்."

"மூஞ்சி பாக்க அவருகிட்ட கண்ணாடி இல்லீங்களா?"

கண்ணாடி மூன்று இருந்தது அந்த பங்களாவில்.

முகம் தெரிவது அவலரக்கால் வருவது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, கறுப்புச் சாயம் சேர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டவேண்டும். பஞ்சைப் பேரிக்காய் அளவுக்கு உருட்டி, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித்துணியில் தையல் படாமல் கட்டி, அதற்குள் பாலிஷைக் கொடுத்து, பலகைமேல் வட்டம் வட்டமாக ஓட்டவேண்டும். கை நிற்கக்கூடாது. ஒரு நொடி நின்றால் பஞ்சு ஒட்டிக்கொண்டு கீழே இருப்பதையும் பிய்த்துக்கொண்டு வரும். வழுக்குவதற்கு ஆளிவிதை எண்ணெய், விரல்நுனியில் ஒரு சொட்டு. ஒரு தடவை ஓட்டினால் பலகையில் ஏறுவது மூச்சுக்காற்று பட்ட அளவுதான். மறுநாள் பார்த்தால் அதுவும் உள்ளே போயிருக்கும். நுரைக்கல் பொடி போட்டுத் தேய்த்து மறுபடி ஏற்றவேண்டும். தோள் இற்றுப்போகும். கண் எரியும். ராத்திரி காப்பிக் கொட்டகையில் படுத்தால் ஸ்பிரிட் நாற்றம் சோற்றிலும் வரும். இரண்டாம் வாரம் மலைக்காய்ச்சல் கண்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். நான் ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டுக் கிடப்பதாக ரைட்டர் துரையிடம் போய்ச் சொன்னான். அதற்காக நான் அவன்மேல் கோபப்படவில்லை, அவனுக்குத் தெரிந்த பாலிஷ்காரர்கள் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

கோபம் வேறு இடத்தில் ஊறியது. காலையில் கவுண்டர் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு பட்டிக்கு வருவார். தன் மாட்டுக்குத் தானே தீனி போட வேண்டும் என்பது துரையின் ஏற்பாடு. போட்டுவிட்டு ஜன்னலண்டை வந்து நிற்பார்.

"ஏனுங்க ஆசாரி, கறுத்துதுங்களா?"

தினமும் இதே கேள்வி. சில நாள் பதில் சொல்வேன், சில நாள் எரிந்து விழுவேன். அவர் சங்கடப்பட்டதே இல்லை. பட்டி ஜன்னலிலிருந்து இருபது அடி. நான் பஞ்சை வட்டமாக ஓட்டும்போது மாடுகள் தலையை ஆட்டும் மணிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மரப்பெட்டிக்கு மினுக்குப் போடுகிற என் கை நகர்வதைப் பொறுத்து ஒரு குடும்பத்துக்கு அடுத்த வருஷச் சோறு. இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. முதல் பத்து நாள் நானும் நினைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வேலை நன்றாக வந்தது. இருபத்திரண்டாம் நாள் கடைசிக் கைக்கு நின்றேன். கடைசிக் கை என்பது வெறும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மேலே மிதக்கும் எண்ணெயை இழுத்து எடுப்பது. எண்ணெய் போனால்தான் கறுப்பு இறுகும், கண்ணாடிபோல் நிற்கும். எண்ணெயை மிச்சம் விட்டால் அன்றைக்கு மின்னும், நாலைந்து நாளில் வியர்க்கும், தூசியை இழுக்கும், அப்புறம் எந்தக் காலத்திலும் இறுகாது. பட்டறையில் ஒருவன் அவசரத்தில் எண்ணெய் காட்டி ஏமாற்றினான் என்று அவன் கருவிப்பெட்டியைத் தெருவில் எறிந்தார்கள். எனக்கு வீடு இல்லை, மனைவி இல்லை, ஊர் இல்லை. என் கை அந்த மாதிரி வேலை செய்யாது என்ற ஒரு பெருமைதான் இருந்தது.

கடைசிக் கை போட்டுக்கொண்டிருக்கும்போதே இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்தது. பெருமழை. ஜன்னல்களைச் சாத்தினேன். மழை விட்டதும் மூட்டம் இறங்கியது. மலையில் மூட்டம் வந்தால் சாத்தின கதவு ஒரு தடை இல்லை, இடுக்கில் புகுந்து கூடத்துக்குள் நடக்கும். ஈரக்காற்றில் ஸ்பிரிட் ஆறும்போது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். காலையில் பார்த்தேன். பலகை முழுக்க வெளுத்துப் பூத்திருந்தது, சாம்பல் பூசணித் தோல் மாதிரி.

வெளியே மண் வாசனை. சரிவெல்லாம் ஏர் கட்டியிருந்தார்கள். மாட்டை அதட்டும் குரல்கள் கேட்டன. கவுண்டர் புல் இல்லாமல் ஓடிவந்தார்.

"உழவு மழைங்க. இன்னைக்கே ஏரு பூட்டோணும். கறுத்துதுங்களா?"

நான் தள்ளி நின்றேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"வேறு யார்கிட்டயாவது மாடு கேட்கலாமே," என்றேன்.

"ஈரம் இருக்கும்போது எவனும் குடுக்க மாட்டானுங்க. அவன் குடுக்கும்போது ஈரம் இருக்காது."

துரையிடம் போனேன். பத்து நாள் வெயில் அடித்தால் சரியாகும், அதுவரை மாட்டை அவிழ்த்துவிடுங்கள், நான் எங்கேயும் ஓடமாட்டேன் என்றேன். ரைட்டர் அதை இங்கிலீஷில் சொன்னான். துரை எழுந்துவந்து பலகைக்கு முன்னால் குனிந்து முகத்தைத் தேடினார். தெரியவில்லை. நல்ல தமிழில், தப்பில்லாமல், எனக்கே சொன்னார்:

"கறுப்பு வந்தால் மாடு போகும்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை வேண்டும் என்பதுபோல் சொன்னார். அந்தக் குரலைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்று முழுக்க இரும்புச் சட்டிகளில் கரி மூட்டிக் கூடத்தைக் காயவைத்தேன். கூடம் சூடானது, சாம்பல் பறந்து பலகையில் ஒட்டியது, அதைத் துடைத்தெடுத்து மறுபடி ஸ்பிரிட் ஓட்டினேன். சாயங்காலம் மூட்டம் வந்து மறுபடி வெளுத்தது. இரண்டாம் நாளும் அதேதான். சரிவில் ஏர்கள் சாமைக்காட்டில் பாதியைத் தாண்டிவிட்டன. பட்டியில் மாடுகள் கத்த ஆரம்பித்தன. மற்ற மாடுகள் உழுவது அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை ரைட்டர் காப்பிக் கொட்டகைக்குப் போயிருந்தான். நான் சட்டியில் கரி கிளறிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பின்னால் அடிச்சத்தம். கவுண்டர் முதன்முதலாகக் கூடத்துக்குள் வந்திருந்தார். கையில் ஒரு மூங்கில்குழாய், ஒரு துணி. விதைப்புக்கு முன்னால் காட்டு வரப்பில் இருக்கிற சாமிக்கல்லுக்கு எண்ணெய் வைத்துவிட்டு நேரே வந்திருக்கிறார். நான் திரும்புவதற்குள் துணியைக் குழாயில் நனைத்து, பலகையில் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்துவிட்டார்.

விளக்கெண்ணெய். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கித் தள்ளினேன். புண்பட்ட காலை ஊன்றிச் சுவரில் மோதிச் சரிந்தார்.

"யாரய்யா உன்னைக் கை வைக்கச் சொன்னது? இருபத்தைந்து நாள் வேலையைக் கெடுத்துட்டியே, அறிவிருக்கா உனக்கு?"

இத்தனை நாள் யார்மேல் காட்டவேண்டிய கோபமோ அதை அவர்மேல் காட்டினேன். அவர் உட்கார்ந்தபடியே காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எங்க சாமியும் இப்படித்தானுங்க வெளுத்துப் போகும். எண்ணெ காட்டினாக் கறுத்துரும். நீங்க ரண்டு நாளா நெருப்பக் காட்டிட்டிருக்கறீங்க, அதான் நான்..."

பலகையைப் பார்த்தேன். வெளுத்த பரப்பின் நடுவே நாலு விரல் அகலத்துக்கு ஆழமான கறுப்பு இறங்கியிருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. கண் சிவந்து, தாடி மண்டி, ஒரு நொண்டி மனிதரைத் தள்ளிவிட்டு நிற்கிற முகம்.

எண்ணெய் வெளுப்பை மூடத்தான் செய்யும், தீர்க்காது. நாலு நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதன்பின் வெளுப்பு திரும்பும், அதோடு பிசுக்கும் சேரும். என் கைவேலை என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் நாறிப்போகும்.

"காட்டை உழுது விதைக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"நாலு நாளுங்க. பொண்டாட்டியும் எறங்கினா மூணு."

"குழாயில் இன்னும் எண்ணெய் இருக்கா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. குழாயை ஆட்டிக் காட்டினார். இருந்தது.

இரண்டு பேருமாகத் தேய்த்தோம். சொட்டுச் சொட்டாகத் தொட்டு, பரப்பி, காய்ந்த துணியால் மேல்பிசுக்கை ஒற்றி எடுத்தோம். அவர் கை என் கையைவிட நிதானமாக ஓடியது. கல்லுக்கு எண்ணெய் வைத்த கை. பலகை கிணற்றுத்தண்ணீர் மாதிரி கறுத்துக் கிடந்தது. அவரை வெளியே ஜன்னலண்டை போய் நிற்கச் சொன்னேன். ரைட்டரைக் கூப்பிட்டேன். அவன் போய்த் துரையைக் கூட்டிவந்தான்.

துரை குனிந்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். மீசையைத் தடவினார். இப்படியும் அப்படியும் திரும்பி, பக்கவாட்டில் தன்னைப் பார்த்துக்கொண்டார். ரைட்டரிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாடு என்ற சொல்லை அவர் வாயால் சொன்னாரா என்றுகூடத் தெரியவில்லை.

ரைட்டர் போகவில்லை. பலகையண்டை வந்தான். ஒரு விரலை வைத்து இழுத்தான். விரலை மூக்கண்டை கொண்டுபோனான். அடிவாரத்துக் குடியானவன் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கெண்ணெய் வாசனை தெரியாமல் இருக்குமா? என்னைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே நின்ற கவுண்டரைப் பார்த்தான். அவர் இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தான்.

"ஏப்பா ஆசாரி, பாலீசு வாசன புதுசா இருக்குது?"

"சீமைப் பாலிஷ்."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். ஜன்னல்பக்கம் திரும்பி, "ஏ கவுண்டா, வாயப் பாத்துட்டு நிக்காத, மாட்ட ஓட்டிட்டுப் போ. சும்மா பாத்துக்கிட்டு இருந்தா அதுங்க தானா அவுத்துக்குமா?" என்றான். பிறகு என்னிடம், குரலை இறக்கி, "நீயும் மறு மூட்டம் எறங்கறதுக்குள்ள மலைய விட்டு எறங்கீரு" என்றான்.

நான் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. அந்த மாட்டைக் கட்டியதும் அவன் கைதான்.

மூட்டையைக் கட்டிக்கொண்டு மதியமே கிளம்பினேன். வழியில் குண்டனி நாட்டுச் சரிவில் அவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் மனைவி பின்னால் கட்டி உடைத்துக்கொண்டு வந்தாள். அவர் ஏரை நிறுத்தாமலே குரல் கொடுத்தார்.

"ஏனுங்க ஆசாரி, நிக்குங்களா கறுப்பு?"

"நாலு நாள் நிற்கும். சீக்கிரம் முடி."

"காலுதான் ஒத்துழைக்க மாட்டேங்குதுங்க. பாக்கலாம் போங்க."

அன்றைக்கு அவரைத் தள்ளியதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இறங்கிவிட்டேன்.

காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு வண்டிப் பட்டறையில் சக்கரத்துக்குச் சாயம் பூசுகிற வேலை கிடைத்து அங்கேயே தங்கினேன். மூன்று வாரம் கழித்து, சந்தைக்கு மிளகு கொண்டுவந்த மலைக்காரர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கவுண்டரின் பங்காளி. பியானோ அஞ்சாம் நாள் வெளுத்துவிட்டதாம். துரை கை வைத்தாராம், ஒட்டியதாம். என்னைப் பிடிக்கச் சேலத்துக்கு ஆள் போயிருக்கிறதாம். இனி அந்த ஜில்லாவில் எந்த பங்களாவிலும் எனக்கு வேலை கிடையாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"கவுண்டர்?"

"மறுபடியும் மாட்டப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஆடி முடியறவரைக்கும் குடுக்க மாட்டாங்களாமா."

"விதைப்பு?"

"அது முடிஞ்சுதுங்களே. நாலாம் நாளு பொழுது எறங்கறதுக்குள்ள வெதச்சுட்டாரு. இப்ப சாண் ஒசரம் நிக்குது. மொளச்சதப் புடிச்சுப் பட்டியில கட்ட முடியாதில்லீங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையிலிருந்த சாயத்தூரிகையை எங்கேயாவது எறியவேண்டும்போல் இருந்தது, எறியவேண்டிய ஆள் அங்கே இல்லை.

"கவுண்டரு உங்களக் கண்டா ஒண்ணு கேக்கச் சொன்னாருங்க. அவரு எண்ணெக் கொழாய பங்களாவுல உட்டுட்டாராமா. சாமிக்கு வெக்கற கொழாய். நீங்க எங்காச்சும் பாத்தீங்களான்னு."

என் மூட்டையில்தான் இருந்தது. அவசரத்தில் என் சாமான்களோடு அள்ளிப் போட்டிருக்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். அடியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. வழியில் சிந்தாமல் இருக்க அவர் அதன் வாயைப் பச்சையிலையால் அடைத்துக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார்.